நாய்க்குட்டி வியாபாரத்துக்குத் தடை: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாபாரத்துக்காகப் பெருக்கப்படும் நாய்க்குட்டிகளைக் கடையிலும் சந்தையிலும் தரகர் மூலமாகவும் விற்பதை இலங்கை மலையகத்திலுள்ள நமது நகர சபைகளும் பிரதேச சபைகளும் தடைசெய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறோம். இந்தப் பேச்சை எடுத்தால் ஆதரவும் வருகிறது, கோபமும் வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

நாய் வளர்ப்பதையே நிறுத்தப் பார்க்கிறீர்களா?

இல்லை. எங்கள் வீடுகளிலும் நாய்கள் இருக்கின்றன. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: தன் பராமரிப்பில் இருக்கும் தாய் ஈன்ற குட்டியைத் தவிர வேறு குட்டியை எவரும் விற்கக்கூடாது. வாங்க வருபவருக்குத் தாய் நாயை, அது வாழும் இடத்திலேயே காட்ட வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒருவர் தன் வீட்டில் குட்டி விற்றால் அதை நாங்கள் எதிர்க்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டை குட்டி போட்டால் பக்கத்து லயத்துக்கு, அதாவது பக்கத்து வரிசை வீடுகளுக்கு, கொடுக்கக்கூடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். பணம் வாங்காமல் கொடுப்பது இந்தக் கோரிக்கைக்குள் வரவே இல்லை. எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஈற்று வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

தாயைக் காட்ட வேண்டும் என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்?

இந்த வியாபாரத்தின் கொடுமை முழுவதும் தாயின் உடம்பில்தான் நடக்கிறது. வாங்குபவரின் கண்ணுக்கு அந்த உடம்பு படுவதே இல்லை.

பெட்டை நாய் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பால் கொடுக்கும் காலத்தில் அதற்கு வழக்கமான தீனியைப் போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். ஒரு ஈற்று முடிந்ததும் உடம்பு தேற இடைவெளி கொடுத்தால் அது நன்றாக வாழும். ஆனால் குட்டிக்கு விலை இருக்கும்போது இடைவெளி நட்டமாகத் தெரிகிறது. ஒவ்வொரு பருவத்திலும் கடுவனை விடுகிறார்கள். குட்டிகளைச் சீக்கிரம் பிரித்துவிட்டால் பால் குடிக்கும் நாட்கள் குறையும், தீனிச் செலவும் குறையும். ஆகவே நான்கு வாரத்திலேயே குட்டிகள் சந்தைக்கு வந்துவிடுகின்றன.

குட்டி வாங்க விரும்பிய உறவினர் ஒருவரோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரையும் ஆளையும் சொல்லப்போவதில்லை. முன்விறாந்தையில் துணி விரித்த கூடையில் லெப்ரடோர் குட்டிகள் கொழுகொழுவென்று கிடந்தன. தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அது கடிக்கும் என்று சொன்னார்கள். விடாமல் கேட்டபின் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனார்கள். தகரம் வேய்ந்த பழைய கோழிக்கூடு. சீமெந்துத் தரை ஈரமாக இருந்தது. உள்ளே நின்ற பெட்டையின் முலைகள் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கின. விலா எலும்புகளை எண்ணலாம். கால் விரல்களுக்கு இடையில் சிவந்து ரோமம் உதிர்ந்திருந்தது. சிறுநீரில் நின்றுகொண்டே இருக்கும் நாய்க்கு அப்படித்தான் ஆகும். கடிக்கும் என்று சொன்ன நாய் குரைக்கக்கூட இல்லை. கம்பிக்குள் மூக்கை நுழைத்து எங்கள் கையை முகர்ந்து பார்த்தது. உறவினர் குட்டி வாங்காமல் திரும்பிவிட்டார். அந்தக் கொல்லைப்புறத்தைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள் என்று நம்புகிறேன். அதனால்தான் தாயைக் காட்டுவது சட்டமாக வேண்டும் என்கிறோம்.

சந்தையில் விற்பவர் "மூன்று மாதக் குட்டி" என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு 28 பாற்பற்களும் பொதுவாக முளைத்திருக்கும். நான்கு வாரக் குட்டிக்கு முன்பற்கள் அப்போதுதான் ஊசிமுனையாகத் தெரியும், கடைவாயில் வெறும் ஈறுதான் இருக்கும். தரையில் விட்டால் பின்கால்கள் தள்ளாடும். பிஸ்கட் துண்டைக் கொடுத்தால் மெல்லத் தெரியாமல் நக்கும். மூன்று மாதக் குட்டி அப்படி இருக்காது.

ஈறு வெளிறியிருந்தால் இரத்தச்சோகை இருக்கலாம். பூச்சியும் தெள்ளும் மிகுந்த குட்டிகளுக்கு இது வரும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்பூச்சி. தடுப்பூசி அட்டையைக் காட்டினால் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிட்டை இருக்கிறதா, மிருக வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேனாவால் திகதி மட்டும் எழுதிய அட்டையை நம்ப வேண்டாம்.

பாவம் பார்த்து அந்தக் குட்டியை வாங்கிக் காப்பாற்றினால் நல்லதுதானே?

மனம் அப்படித்தான் சொல்லும். பஸ் நிலையத்தில், தூறலில், அட்டைப்பெட்டிக்குள் நடுங்கும் குட்டியைக் கடந்து போவது எளிதல்ல. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக்கான முதல். உங்கள் கைக்கு வந்த குட்டிக்குப் பதிலாக அடுத்த வாரம் இன்னொன்று அதே பெட்டியில் வந்து உட்காரும். கொடுமையாக நடத்தப்படுவது தெரிந்தால் படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, பொலிஸிலும் சபையிலும் முறையிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டோம். இப்போது வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இருக்கிறது.

மேலே படிக்க வேண்டாம், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அது பார்வோவாக இருக்கலாம். குட்டி வேகமாக நீர் வற்றிச் சாகும் நோய் அது. சேலைன் ஏற்றித் தொடர்ந்து கவனித்தால் பிழைக்கும் குட்டிகளும் உண்டு. கைவைத்தியத்தில் ஒரு நாளைக் கழித்துவிட்டால் அந்த வாய்ப்புக் குறைந்துவிடும். உங்கள் பகுதியில் முடியாது என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அக்கரப்பத்தனையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வளைந்து வளைந்து பேராதனைக்குப் போய்ச் சேரும் நேரத்தை அந்தக் குட்டியின் உடம்பு தாங்குமா என்று முதலில் உள்ளூர் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லயத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணச் சவர்க்காரத்துக்கும் டெட்டோலுக்கும் அது சாகாது. நீர்த்த குளோரின் கரைசல் வேண்டும். ஒரே வாசல், ஒரே கான், ஒரே பீலிக்கரை என்று வாழும் இடத்தில் ஒரு காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) வந்த நோயுற்ற குட்டி அந்த வரிசை முழுவதிலும் உள்ள தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொண்டுபோய்விடும். நோயுற்ற குட்டியின் கழிச்சலைக் கழுவிக் கானில் விடாதீர்கள்.

தோட்டத்தில் ஒரு பெட்டையை வைத்துக் குட்டி விற்றுப் பிழைக்கும் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வயிற்றில் அடிக்கிறீர்களா?

இதுவே மிக நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாத தடையை நாங்களே ஆதரிக்க மாட்டோம்.

கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்பதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்படிப்பட்ட வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு ஈற்றில் வரும் பணம் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளையின் பரீட்சைக் கட்டணமாக, அடகில் இருக்கும் தோட்டை மீட்கும் பணமாக அது போகும்.

ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். தரகர் லயத்துக்கு வந்து மொத்தமாகக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறார். கண்டியிலோ கொழும்பிலோ அதே குட்டிகளைப் பல மடங்கு விலைக்குக் கொடுக்கிறார். தீனி போட்டவரும், இரவு விழித்து ஈற்றுப் பார்த்தவரும், குட்டி செத்தால் நட்டப்படுபவரும் தோட்டத்தில் இருப்பவர்தான். நாங்கள் கேட்கும் விதி வந்தால் வாங்குபவர் தாயைப் பார்ப்பதற்காகவாவது அந்த வீட்டுக்கு வர வேண்டும், பணத்தை அந்த வீட்டுக்காரரின் கையில் கொடுக்க வேண்டும். தடை தரகர்மேல்தான் விழும்.

ஆகவே இரண்டு பெட்டைக்கு மேற்படாமல் வளர்க்கும் வீடுகளுக்குப் பதிவு இலவசமாக இருக்க வேண்டும், விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், அது தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். சிங்களத்தில் மட்டும் வரும் படிவத்தை வைத்துக்கொண்டு யாரிடம் வாசிக்கச் சொல்வது என்று அலைந்த அனுபவம் நம் மக்களுக்குப் போதும். படிவம் புரியாததால் ஒரு குடும்பம் தண்டப்பணம் கட்டும் நிலை வந்தால் அந்த விதி தோற்றதாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

மனிதருக்கே காணியும் வீடும் இல்லாத இடத்தில் நாய்க்குச் சட்டமா?

காணியும் வீடும் கேட்கும் கூட்டங்களில் நாங்களும் இருக்கிறோம். தாய் நாயைக் காட்டச் சொல்லும் விதியால் ஒரு வீட்டுத் திட்டமும் பின்தள்ளப்படாது. இரண்டுக்கும் ஒரே பணப்பெட்டி இல்லை.

மிருகவதைக்கு எதிராக ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது, 1907ஆம் ஆண்டிலிருந்து. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் அன்று வகுத்த தண்டப்பணம் அதிகபட்சம் 100 ரூபா. இன்று அதில் ஒரு குட்டிக்கு ஒரு நேரத் தீனிகூட வாங்க முடியாது. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைத் தயாரித்தது. அமைச்சரவையும் நாடாளுமன்றமுமாக அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே வந்தது. நாய்களைச் சபையில் பதிய வேண்டும் என்ற கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. உங்கள் நாயைப் பதிந்திருக்கிறீர்களா என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சட்டத்தின் நிலை தெரியும்.

வதை நடந்தபின் வரும் சட்டத்தோடு நின்றுவிட முடியாது. வதை நடக்கும் இடத்தை வாங்குபவர் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி வேண்டும். அதைச் சபைகளே தொடங்கலாம்.

உண்மையிலேயே சபைக்கு அந்த அதிகாரம் உண்டா?

தன் எல்லைக்குள் மட்டும் செல்லும் விதியை, அதாவது உபவிதியை, இயற்றும் அதிகாரம் உண்டு. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்திலிருந்தும், நகர சபைகளுக்கும் மாநகர சபைகளுக்கும் அவற்றுக்குரிய பழைய கட்டளைச் சட்டங்களிலிருந்தும் அது வருகிறது. சபையில் தீர்மானம் நிறைவேறினால் மட்டும் போதாது. மாகாண மட்டத்தில் அங்கீகாரம் கிடைத்து, வர்த்தமானியில் வெளிவந்தால்தான் அது விதியாகும். மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பிறகு தேர்தல் நடக்காமல் ஆளுநரின் கையிலேயே நிருவாகம் இருந்து வந்ததால், இந்த அங்கீகாரப் படி நீண்டுபோகக்கூடும். பொறுமையோடும் விடாப்பிடியோடும் பின்தொடர வேண்டிய வேலை இது.

எல்லைதான் இன்னொரு சிக்கல். 2018இல் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் உருவாயின. இது மலையகம் கேட்டுப் பெற்ற உரிமை. ஆனால் ஹட்டன் நகர சபை மட்டும் தடைசெய்தால், வியாபாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் அடுத்த சபையின் எல்லைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். பக்கத்துச் சபைகள் ஒரே வாசகத்தில் இயற்ற வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது: மாதிரி உபவிதி ஒன்று வெளியானால் அதைச் சபைகள் தீர்மானம் மூலம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். அதற்கான சட்டம் 1952ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

வேறு எங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளை இடைத்தரகர்கள் விற்க முடியாது. அதை லூசி சட்டம் என்கிறார்கள். லூசி என்பது வேல்ஸிலுள்ள ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட பெட்டை நாய். கூண்டிலேயே கிடந்ததில் அதன் இடுப்பு இறுகி, முதுகெலும்பு வளைந்துபோயிருந்தது. வேல்ஸும் 2021இல் அதே வழியில் வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கடைகள் காப்பகங்களிலிருந்து வந்த நாய்களை மட்டுமே கொடுக்கலாம் என்ற விதி 2019இல் வந்தது. நியூயோர்க் மாநிலத் தடை 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்க முடியாது. இந்தியா 2017இல் வகுத்த விதிகளில், நாய்களைப் பெருக்கி விற்பவர் பதிவுசெய்ய வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று இருக்கிறது.

அந்த நாடுகளின் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் கோரிக்கைக்கு மிக நெருக்கமானது இங்கிலாந்தின் ஏற்பாடு. ஏனென்றால் அங்கேயும் தாயோடு சேர்த்துத்தான் குட்டியைக் காட்ட வேண்டும்.

தடைசெய்தால் எல்லாம் முகநூலுக்குப் போய்விடும் என்கிறார்களே?

ஏற்கெனவே பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இலக்கத்துக்கு அழைத்தால், பஸ் நிலையத்துக்கு அருகில் வந்து நில்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம் என்பார்கள். தாய் வாழும் இடத்தில் அல்லாமல் வேறு எங்கும் விற்கக்கூடாது என்ற விதி இருந்தால், அந்தப் பஸ் நிலையக் கைமாற்றமே குற்றமாகும். விளம்பரத்தில் பதிவு இலக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். ஒளித்து விற்பவர்கள் இருப்பார்கள்தான். கள்ளச்சாராயம் இருக்கிறது என்பதற்காக யாரும் மதுவரிச் சட்டத்தை எடுத்துவிடச் சொல்வதில்லை.

தெருநாய்தானே இங்கே பெரிய பிரச்சினை? அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஈற்று வற்றிய பெட்டை எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? தேயிலை மலைப் பாதையில், குப்பை மேட்டருகே, சில நேரம் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். சடை விழுந்த பொமரேனியனும் தோல் உரிந்த லெப்ரடோரும் நம் தெருக்களில் திரிவது அப்படித்தான். 2022 நெருக்கடியில் தீனி விலை எகிறியபோது, ஆசைக்கு வாங்கிய பல நாய்கள் வீதிக்கு வந்ததையும் கண்டோம்.

தெருநாய்களைக் கொல்வது 2006இல் நிறுத்தப்பட்ட பின், கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும்தான் வழி என்றானது. அரசாங்கம் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறது. ஒரு பக்கம் பொதுப்பணத்தில் கருத்தடை செய்துகொண்டு மறுபக்கம் கணக்கில்லாமல் பெருக்கி விற்க விட்டால் அந்த வேலை எப்போது முடியும்?

மலையகத்துக்கே உரிய இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பொகவந்தலாவ, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் சிறுத்தைகள் தேயிலைக்குள் நடமாடுகின்றன. நாய் அவற்றுக்கு எளிதான இரை. லயத்தைச் சுற்றி நாய்கள் பெருகினால் சிறுத்தையும் லயத்தை நெருங்கி வருகிறது. அதிகாலையில் கொழுந்து மலைக்கு ஏறும் பெண்களுக்கு அது என்ன பயம் என்பதை அவர்களிடமே கேளுங்கள். அந்தப் பயத்தாலும், பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகளாலும் சிறுத்தைகளும் சாகின்றன.

நுவரெலியாக் குளிருக்கு ஹஸ்கி மாதிரி நாய்தானே பொருத்தம்?

குளிர் பொருந்தலாம், வாழ்க்கை பொருந்தாது. ஹஸ்கி பனியில் நெடுந்தூரம் ஓடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். அதை வாசலில் சங்கிலியில் கட்டி வைத்தால் நாள் முழுவதும் ஊளையிடும், மண்ணைத் தோண்டும். முகம் சப்பையான பக் போன்ற இனங்களுக்கு மூச்சுக்குழலே குறுகலானது. மேட்டில் ஏறினால் இரைக்கும்.

நாட்டு நாய்க்கு இந்த மலை பழகிப்போனது. நம் சாப்பாட்டை உண்டு, வாசலுக்கு வரும் அந்நியரை அடையாளம் கண்டு, பிள்ளைகளோடு பள்ளிக்கூடப் பாதைவரை போய்த் திரும்பும். குட்டி தேடுகிறவர்கள் முதலில் தங்கள் தோட்டத்தையே ஒரு சுற்றுப் பாருங்கள்.

எங்கள் சபையில் இதை எப்படிக் கொண்டுவருவது?

2025 மே மாதத் தேர்தலில் நீங்கள் வாக்களித்த உறுப்பினர் யார் என்று தெரியுமல்லவா, அவரிடமிருந்து தொடங்குங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தரகர் விற்பனைக்குத் தடை, தாயைக் காட்டும் கட்டாயம், எட்டு வார எல்லை, சிறு வளர்ப்பாளருக்கு இலவசத் தமிழ்ப் பதிவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். நான்காவதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் கேட்காதீர்கள். அப்படிப்பட்ட விதி தரகரை விட்டுவிட்டுத் தோட்டத்துக் குடும்பத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

உங்கள் பிரதேச மிருக வைத்தியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சந்தித்து, அவர்கள் கண்டதை எழுத்தில் கேளுங்கள். சபையில் அவர்களின் ஒரு பந்திக்கு இருக்கும் எடை, நூறு கையொப்பங்களுக்கும் இருக்காது. கடிதத்தைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் தனித்தனியே கையளித்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அது நிகழ்ச்சி நிரலில் வராவிட்டால் அந்த முத்திரையைக் காட்டித்தான் காரணம் கேட்க முடியும்.